வயிற்றில் தங்கும் காந்தம்: உப்பளக் கரை மாடுகளுக்கு ஒரு காவல்

காலையில் தொட்டியில் வைத்த தவிடு அப்படியே கிடக்கிறது. நேற்று மாலை நன்றாகக் கறந்த பசு, இன்று பாத்திரத்தின் அடியை மூடும் அளவோடு நிறுத்திவிட்டது. முதுகைக் கூனிக்கொண்டு, முன்னங்கால் முட்டிகளை வெளிப்பக்கம் அகட்டி நிற்கிறது. படுக்கத் தயங்குகிறது, படுத்தால் முனகுகிறது. காய்ச்சல் லேசாக இருக்கிறது. சாணம் குறைந்துவிட்டது. "கண்ணு பட்டிருக்கும், மிளகாயைச் சுத்திப் போடும்மா" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. "வயிறு உப்பியிருக்கும், எண்ணெய் ஊத்து" என்கிறார் இன்னொருவர்.

மாடு வளர்க்கும் எந்த ஊரிலும் இந்தக் காட்சி புதிதல்ல. ஆனால், மரக்காணம் உப்பளக் கரையில் இதற்குத் தனி எடை உண்டு. இங்கே உப்பு வாரும் குடும்பங்களுக்கு வேலை வெயிலோடு சரி. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகளில் தண்ணீர் நின்றுவிடும். மறுபடியும் பாத்தி காய்ந்து, மிதித்து, உப்பு எடுக்கும்வரை கூலி இல்லை. அந்த மாதங்களில் அடுப்பு எரிவதற்குப் பலருக்குக் கை கொடுப்பது கொட்டகையில் நிற்கும் ஒரு பசுவும் நாலு ஆடும்தான். அந்தப் பசு விழுந்தால் மழைக்காலமே விழுந்த மாதிரி.

மேலே சொன்ன அறிகுறிகளுக்குக் காரணம் பல இருக்கலாம். அவற்றில் அடிக்கடி கோட்டைவிடப்படுவது ஒன்று: மாடு விழுங்கிய ஒரு துண்டுக் கம்பி. அதைத் தடுக்கும் கருவியும் மாடு விழுங்குவதுதான். விரல் நீளக் காந்தம் ஒன்று. ஒருமுறை உள்ளே போனால் மாட்டின் ஆயுள் முழுவதும் வயிற்றிலேயே தங்கிக் காவல் காக்கும்.

கம்பி எங்கிருந்து வருகிறது?

மாடு உதட்டால் பொறுக்கித் தின்னும் பிராணி அல்ல. நாக்கைச் சுழற்றி, கைப்பிடி கைப்பிடியாக வாரி, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டு, பிறகு படுத்து அசைபோடும். வைக்கோலுக்குள் ஆணி இருந்தாலும் அதன் நாக்குக்குத் தெரிவதில்லை. ஆடு அப்படியல்ல. உதட்டால் தேர்ந்தெடுத்துத் தின்பதால் இந்த நோய் ஆடுகளில் மிகக் குறைவு.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களில் கம்பிக்குப் பஞ்சமில்லை. புது வீடு கட்டும் இடத்தில் சிந்திய கட்டுக்கம்பி, கீற்றுக் கொட்டகையைப் பிரிக்கும்போது விழும் கம்பித் துண்டும் ஆணியும், வேலிக் கம்பியின் நறுக்கு, கரையில் கிடக்கும் தூண்டில் முள் என்று பட்டியல் நீளும். இவற்றையெல்லாம்விட மோசமானது டயர் கம்பி. போகியன்று எரித்த பழைய டயரின் ரப்பர் கருகிப் போகும். உள்ளே இருந்த மெல்லிய எஃகு இழைகள் அங்கேயே கிடக்கும். சில மாதங்களில் துருவேறி ஊசி ஊசியாக உடைந்து புல்லோடு கலந்துவிடும். மேயும் மாடு அதையும் சேர்த்தே வாரும். மேலை நாடுகளில் தீவனக் குழியை மூடும் விரிப்பின் மேல் பாரத்துக்குப் பழைய டயர்களை அடுக்கும் பண்ணைகளிலும் இதே தொல்லை உண்டு.

இதயத்துக்கு அடுத்த வீடு

மாட்டின் வயிறு நான்கு அறை. முதல் அறையான அசையூண் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரிய தொட்டி. அதன் முன்பக்கம், கீழே தாழ்வாக ஒட்டியிருப்பது இரண்டாவது அறை. உள்சுவர் தேன்கூட்டின் கண்கள்போல் இருப்பதால் அதைத் தேன்கூட்டு வயிறு என்பார்கள்.

மாடு விழுங்கிய கனமான பொருள் எதுவானாலும் இந்தத் தாழ்வான அறையில் வந்து விழும். அங்கிருந்து மூன்றாவது அறைக்குப் போகும் வாசல் மேலே இருக்கிறது. நன்றாக அரைபட்ட சிறு துகள்தான் அதில் நுழையும். ஆகவே கனமான இரும்பு கீழேயே கிடக்கும். கிடந்தால் மட்டும் பரவாயில்லை. இந்த அறை ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை இறுக்கமாகச் சுருங்கி விரியும். கூர்மையான கம்பி அந்தச் சுருக்கத்தில் தேன்கூட்டுக் கண்ணில் மாட்டிக்கொண்டு சுவரைக் குத்தும். குத்திய வழியில் கிருமி வயிற்றுக்கு வெளியே கசிந்து சீழ் பிடிக்கும்.

அந்தச் சுவருக்கு முன்னால் இருப்பது உதரவிதானம். அதற்கு அடுத்த பக்கம் இதயம். நடுவே உள்ள தூரம் சில விரற்கடைதான். கம்பி இன்னும் கொஞ்சம் முன்னே நகர்ந்தால் இதய உறையில் குத்திவிடும். உறைக்குள் சீழும் நீரும் கட்டி, கழுத்து நரம்பு கயிறுபோல் புடைக்கும். முன்னங்கால்களுக்கு நடுவிலும் தாடைக்குக் கீழும் நீர் கோத்து வீங்கும். அந்தக் கட்டத்துக்கு வந்த மாடு பிழைப்பது அரிது.

சினை மாட்டுக்கு ஆபத்து கூடுதல். கடைசி மாதங்களில் வளரும் கன்று வயிற்றறைகளை முன்னே தள்ளும். ஈனும்போது முக்குவதும் சேரும். அதுவரை சும்மா கிடந்த கம்பி அப்போது குத்தத் தொடங்கும். கன்று ஈன்ற சில நாளில் மாடு தீவனத்தை விட்டால், கம்பியையும் ஒரு காரணமாக நினைவில் வைக்க வேண்டும்.

காந்தம் என்ன செய்கிறது?

கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் காந்தம் ஏழு, எட்டு சென்டிமீட்டர் நீளமும் விரல் தடிமனும் கொண்டது, முனைகள் மழுங்கியிருக்கும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த இரும்பில் செய்யும் ஆல்நிகோ வகையே பழைய, பெயர்பெற்ற வகை. கனமாக இருப்பதால் இதுவும் தேன்கூட்டு வயிற்றில்தான் போய் விழும். கம்பியை அங்கே சேர்த்த அதே உடலமைப்பு, காந்தத்தையும் அங்கேயே நிறுத்தி வைக்கிறது. பிறகு மாடு விழுங்கும் ஆணியும் கம்பியும் சுவரில் மாட்டுவதற்கு முன் காந்தத்தின் மேல் படுத்து ஒட்டிக்கொள்ளும். கம்பி உள்ளேதான் இருக்கும், ஆனால் குத்தாது.

எப்போது கொடுப்பது நல்லது? கம்பி குத்துவதற்கு முன்னால். ஒரு வயது தாண்டிய கிடேரிக்கு, முதல் சினைக்கு முன்பே கொடுத்துவிடலாம். கறவை மாட்டுக்கும் கொடுக்கலாம். ஒரு மாட்டுக்கு ஒரு காந்தம் போதும். பசுவின் விலையோடு ஒப்பிட்டால் இதன் செலவு கண்ணுக்குத் தெரியாது.

கொடுப்பது மருத்துவரோ பயிற்சி பெற்ற கால்நடை ஆய்வாளரோ செய்ய வேண்டிய வேலை. பாலிங் கன் எனப்படும் நீண்ட குழல் கருவியில் காந்தத்தை வைத்து நாக்கின் அடிவரை கொண்டுபோய் விடுவார்கள், மாடு விழுங்கிவிடும். எண்ணெய் புகட்டும் மூங்கில் குழாயால் வீட்டிலேயே முயன்றால் தொண்டை கிழியலாம், மூச்சுக்குழலில் சிக்கலாம். கொடுப்பதற்கு முன் இரவு தீவனத்தைக் குறைத்து வைத்தால் காந்தம் சரியான அறைக்குப் போய்ச் சேருவது எளிது. எவ்வளவு நேரம் பட்டினி என்பதை மருத்துவர் சொல்வார்.

பழைய மாட்டை வாங்குகிறீர்கள், உள்ளே ஏற்கெனவே காந்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் திசைகாட்டியை இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால், நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். முள் திசை மாறினால் உள்ளே காந்தம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மாட்டின் வயிற்றில் காவல் காக்கும் பொருள் மனிதக் குடலில் கொலைகாரன். குழந்தை இரண்டு சிறு காந்தங்களை விழுங்கினால், அவை குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக் குடலை ஓட்டையாக்கிவிடும். எந்தக் காந்தத்தையும் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

காந்தத்துக்கு அடங்காதவை

காந்தம் இரும்பை மட்டுமே பிடிக்கும். செம்பு, அலுமினியம், பித்தளைக் கம்பிகளை விட்டுவிடும். பிளாஸ்டிக்கை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கடற்கரை ஊர்களில் இதுதான் பெரிய தலைவலி. அறுந்த நைலான் வலை, கயிறு, உப்புச் சாக்கு தைத்த நூல், உப்புக் குவியலை மூடிய பாலித்தீன் விரிப்பின் கிழிசல், சாலையோரக் கடைகள் வீசும் பை எல்லாம் சுருண்டு திரண்டு அசையூண் வயிற்றில் பந்தாகிவிடும். அதற்கும் வெளியேற வழியில்லை.

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. திருமுல்லைவாயலிலிருந்து கொண்டுவரப்பட்ட மாடு அது. சுமார் ஐந்தரை மணி நேரம் போராடி மருத்துவர்கள் அதன் வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கின் எடை 52 கிலோ. ஒரு சிப்பம் சிமெண்டைவிட அதிக பாரம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு விதித்த தடை நடைமுறைக்கு வந்தது அதே 2019 ஜனவரி 1-ஆம் தேதி. தடைக்கு முன்பே மாட்டுக்குள் போன பிளாஸ்டிக் எங்கும் போகவில்லை என்பதைத்தான் அந்த மாடு காட்டியது.

ஈயம் இன்னொரு ஆபத்து. வலையின் அடியில் கட்டும் ஈயக்குண்டு, உடைந்த பழைய பேட்டரியின் தகடு ஆகியவற்றை மாடு நக்கும், விழுங்கவும் செய்யும். ஈயமும் தேன்கூட்டு வயிற்றில் தங்கி மெல்ல மெல்லக் கரைந்து ரத்தத்தில் நஞ்சாகும். கண் தெரியாமல் சுவரில் முட்டுவது, பல்லைக் கடிப்பது, தசை துடிப்பது இதன் அறிகுறிகள். காந்தம் ஈயத்தைத் தொடாது. ஆகவே வலை பின்னும் இடத்தையும் மாடு கட்டும் இடத்தையும் பிரித்து வையுங்கள்.

உப்பு இருந்தும் மண் தின்பது ஏன்?

துணி, எலும்பு, செருப்பு, மண் என்று கண்டதையும் மெல்லும் மாட்டைப் பார்த்திருப்பீர்கள். கெட்ட பழக்கம் என்று அடிப்பதில் பயனில்லை. பெரும்பாலும் அது தாதுப் பற்றாக்குறை. முக்கியமாகப் பாஸ்பரஸ் குறைவு. உப்பளக் கரையில் பலர் நினைப்பது, "நம்ம ஊர்ல உப்புக்கென்ன குறைச்சல், மாட்டுக்குக் கல்லுப்பு வெச்சா போதாதா?" என்பது. கடல் உப்பில் இருப்பது சோடியமும் குளோரைடும். பாஸ்பரஸ் அதில் கிடைக்காது. வெறும் வைக்கோலை நம்பி நிற்கும் மாட்டுக்கு இந்தக் குறை சீக்கிரம் வரும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தாது உப்புக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் தீவனத்தில் கலந்து கொடுங்கள். கண்டதைத் தின்னும் பழக்கம் குறைந்தால், கம்பியும் பையும் உள்ளே போவதும் குறையும்.

மாத்திரையாக வரும் மருத்துவர்

வயிற்றில் தங்கும் கருவி என்ற யோசனை காந்தத்தோடு நிற்கவில்லை. கனமாகச் செய்தால் மாட்டின் வயிற்றில் தங்கும் என்ற அதே விதியை வைத்து, வெளிநாடுகளில் மெதுவாகக் கரையும் போலஸ் மாத்திரைகள் வந்தன. செம்பு, கோபால்ட், செலினியம் போன்ற நுண் தாதுக்களை மாதக்கணக்கில் கசியவிடும் வகை உண்டு. உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் நாம் ஊசியாகப் போடும் ஐவர்மெக்டினை 135 நாள் சிறுகச் சிறுக விடும் போலஸும் விற்பனைக்கு வந்தது. வசதியோடு கேள்விகளும் வந்தன. மருந்து சாணத்தில் வெளியேறுவதால் சாண வண்டுகள் பாதிக்கப்படுவது ஆய்வுகளில் தெரிந்தது. இப்படிப்பட்ட மருந்தைக் கறவை மாட்டுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. செம்பு கலந்த மாட்டு மாத்திரையைச் செம்மறி ஆட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். செம்மறிக்குச் செம்பு கொஞ்சம் கூடினாலும் நஞ்சு.

அடுத்த தலைமுறை, உணர்கருவி போலஸ். ஆஸ்திரியாவின் ஸ்மாக்ஸ்டெக் போன்ற நிறுவனங்கள் செய்யும் இந்தக் கருவி தேன்கூட்டு வயிற்றில் கிடந்தபடியே உடல் வெப்பத்தையும் அசைவையும் அளந்து, கொட்டகையில் உள்ள ஏற்பிக்கு அனுப்பும். மாடு தண்ணீர் குடித்தால் உள்வெப்பம் சட்டென்று இறங்கும்; அதை வைத்து எத்தனை முறை குடித்தது என்று கணக்கிடும். ஈனுவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன் வெப்பம் சற்றுக் குறைவதைப் பார்த்து உரிமையாளரின் கைப்பேசிக்குச் சொல்லிவிடும். காய்ச்சலை நாம் தொட்டு அறிவதற்கு முன்பே காட்டும். நூறு மாட்டுப் பண்ணைக்கு இது கட்டுப்படியாகும். ஒரு மாட்டுக்காரருக்கு இப்போதைக்குத் தன் கண்ணும் கையும்தான் உணர்கருவி.

மனிதர்களுக்கும் விழுங்கும் கருவி உண்டு. குடலைப் படம் பிடிக்கும் கேமரா மாத்திரைக்கு அமெரிக்காவில் 2001-ல் அனுமதி கிடைத்தது. இன்று நம் நகர மருத்துவமனைகளிலும் இருக்கிறது. ஆனால், அது தங்கக் கூடாது. ஓரிரு நாளில் மலத்தோடு வெளியேற வேண்டும். மனித இரைப்பை எதையும் தங்கவிடாமல் கீழே தள்ளிவிடும் உறுப்பு. அதில் மருந்தைத் தங்கவைக்க அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். மாத்திரைக்குள் மடங்கிப் போய், இரைப்பையில் ஆறு கை நட்சத்திரமாக விரியும் கருவி அது. 2016-ல் வெளியான ஆய்வில், பன்றிகளின் இரைப்பையில் இரண்டு வாரம் வரை தங்கி மருந்து விட்டது. உள்ளே வைத்த மருந்து நமக்குப் பழக்கமான அதே ஐவர்மெக்டின். நோக்கம் மலேரியாவைப் பரப்பும் கொசுவைக் கொல்வது. மனிதருக்கு இவ்வளவு பாடுபட்டுச் செய்ய வேண்டியதை, மாட்டுக்கு அதன் உடலமைப்பே இலவசமாகச் செய்து கொடுக்கிறது. அந்த வசதியைத்தான் நாம் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறோம்.

சந்தேகம் வந்தால்

முதுகின் தோள்மேட்டுப் பகுதியைக் கையால் இறுக்கிக் கிள்ளினால் நல்ல மாடு முதுகைக் கீழே வளைக்கும். கம்பி குத்திய மாடு வலிக்குப் பயந்து வளைக்காது, முனகும். மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கத் தயங்கும். ஏரிக்கரைச் சரிவில் இறங்க மறுக்கும் மாட்டை அடித்து ஓட்டாமல், ஏன் மறுக்கிறது என்று யோசியுங்கள்.

அப்படித் தெரிந்தால் செய்யக் கூடாதவை: எண்ணெய், கஷாயம் எதையும் பலவந்தமாகப் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பேதி மருந்து வேண்டாம். நடக்க வைக்காதீர்கள், வண்டியில் ஏற்றினால் மெதுவாகப் போங்கள்.

செய்ய வேண்டியவை: தரையில் மண் கொட்டி, முன்னங்கால்கள் பின்னங்கால்களைவிட அரை அடி, முக்கால் அடி உயரத்தில் நிற்கும்படி கட்டுங்கள். உள்ளுறுப்புகளின் பாரம் பின்னே சாய்வதால் கம்பி முன்னே நகர்வது குறையும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழையுங்கள். தொடக்கத்திலேயே பிடித்தால் காந்தம், ஆன்டிபயாட்டிக், கட்டிவைத்த ஓய்வு இவற்றிலேயே பல மாடுகள் சில நாளில் தீவனம் எடுக்கத் தொடங்கும். தேறாவிட்டால் இடது விலாவைத் திறந்து, வயிற்றுக்குள் கை விட்டுக் கம்பியை எடுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. மரக்காணத்தாருக்கு அருகில் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் வேப்பேரி இருக்கிறது. இதயத்தைத் தொடுவதற்கு முன் போக வேண்டும் என்பதுதான் கணக்கு.

கழுவெளி நீர்நிலை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. தொலைதூரப் பறவைக்காகக் கரையைச் சுத்தமாக வைக்கச் சொல்கிறார்கள். அதே கரையில் மேயும் நம் வீட்டு மாட்டுக்கும் அந்தச் சுத்தம் தேவை. போகிக்கு டயர் எரிக்காமல் இருப்பதும், கட்டட வேலை முடிந்ததும் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துக் கம்பி பொறுக்குவதும் காசு செலவில்லாத வேலைகள்.

கால்நடை உதவியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடுப்பூசி முகாமில், முதல் சினைக்கு நிற்கும் கிடேரிகளின் பட்டியலைத் தனியாக எடுங்கள். மழைக்கு முன்பே அவற்றுக்குக் காந்தம் கொடுக்க ஊராரோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள். பாத்தியில் உப்பு இல்லாத மாதங்களில், பாத்திரத்தில் பாலாவது இருக்கட்டும்.